அந்தக் குடலை எதுக்கு வச்சாரு?

என் அண்ணன் இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. 1966, ஐப்பசி அடைமழை. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று ராத்திரி சுருண்டு படுத்தான். அஜீரணம்தான் என்று ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்தாள். மறுநாள் வலி அடிவயிற்றில் வலப்பக்கமாக இறங்கி நின்றுகொண்டது. வாந்தி. வலது காலை நீட்டவே முடியவில்லை. அம்மா அவன் வயிற்றில் திருநீறு பூசி, சூலை நோய் தீர அப்பர் சுவாமிகள் திருவதிகையில் பாடிய பதிகத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று விட்டது. கஞ்சி கேட்டான். வீடே கையெடுத்துக் கும்பிட்டது. சாயங்காலம் வயிறு பலகை மாதிரி இறுகி, உடம்பு அனலாகக் கொதித்தது. கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் போய்விட்டான்.

வலி விட்ட அந்தக் காலைதான் குடல்வால் வெடித்த நேரம் என்பது, பதின்மூன்று வருஷம் கழித்து, மருத்துவக் கல்லூரியில் அறுவைசிகிச்சைப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்தது. உள்ளே கட்டியிருந்த அழுத்தம் இறங்கியதும் வலி கொஞ்சம் அடங்கும். பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவும். அன்று வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பதினாறு கழிந்து, வந்த உறவெல்லாம் கலைந்த பிறகு, அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அந்தக் கொடலு இல்லாமலே மனுசன் நல்லா இருப்பான்னு டாக்டரு சொல்லுதாரு. அப்பம் சாமி அத எதுக்குட்டி வச்சாரு? புள்ளயக் கொண்டுபோகவா?” அந்த நேரம் அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அதற்கப்புறம் பதினாலு வருஷம் அவள் கோயில் படி ஏறவில்லை.

நான் உடற்கூறியல் எடுத்துப் படித்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பாள் என்று எதிர்பார்த்த உறவினர்களுக்கு, பிணத்தை அறுத்துப் பாடம் சொல்லும் வேலை பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தேன். அம்மா இன்று இல்லை. அவளுக்கு நான் முழுசாகச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

குடல்வாலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, இது எவ்வளவு சின்னது என்பதுதான். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. அதன் அடியில், சுண்டுவிரலைவிட மெல்லிசாக, சராசரி ஒன்பது சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும் ஒரு குழாய். ஒரு முனை மூடியிருக்கும். அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்றே ஒன்று. அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது. உள்ளே ஏதாவது அடைத்து, வீங்கி, அந்தத் தமனி நசுங்கினால் குழாய் அழுகத் தொடங்கும். வீக்கம் பெரும்பாலும் வருவது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில். அதாவது பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும்.

முயலை அறுத்தால் அதே இடத்தில் உள்ள பை வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். தின்ற புல்லை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும் பானை அது. யூகலிப்டஸ் இலை தின்னும் கோவாலாவுக்கு அந்தப் பை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். நமக்கு ஆறேழு சென்டிமீட்டர். இலையையும் தழையையும் நம்பி வாழ்ந்த ஒரு மூதாதையின் பெரிய பை, உணவு மாறியபோது சுருங்கி, அதன் நுனி இந்தக் குழாயாக மிஞ்சியது என்பது 1871-ல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி எழுதிய டார்வின் கொண்ட முடிவு. இன்றைக்கு அதில் திருத்தங்கள் உண்டு. பாலூட்டிகளில் குடல்வால் பல தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது; அதன் சுவரில் நோய் எதிர்ப்புத் திசு நிறைந்திருக்கிறது; வயிற்றுப்போக்கில் குடல் கழுவப்பட்டுப் போனால் நல்ல நுண்ணுயிர்கள் பதுங்கியிருந்து திரும்பிவர அது இடம் தருகிறது என்று 2007-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது சரியில்லை.

குடல்வாலை முதன்முதலில் அறுத்து எடுத்ததாகப் பதிவானது 1735-ல், லண்டனில். கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் ஒரு பையனுக்குக் குடலிறக்கத்தைச் சரிசெய்யத் திறந்தபோது, உள்ளே குடல்வால் ஓர் ஊசியால் ஓட்டையாகிக் கிடந்ததைப் பார்த்து எடுத்துவிட்டார். மயக்கமருந்து இல்லாத காலம். அந்தப் பையன் பிழைத்தான். அவனுக்கும் பதினொரு வயது. இதை முதல்முறை படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருமுறை அறுவைக்கூடத்தில் ஒரு மாணவி கெண்டைக்காலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெரிய தசைகளுக்கு நடுவே வெள்ளையாக, நூல் மாதிரி ஒன்று முழங்காலுக்குப் பின்னாலிருந்து குதிகால் வரை ஓடியது. “நரம்பு மேடம்!” என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள். எல்லா வருஷமும் யாராவது ஒருவர் இப்படிக் கூப்பிடுவார்கள். அதனாலேயே அதற்கு ‘முதலாண்டு மாணவரின் நரம்பு’ என்று உலகம் முழுவதும் பட்டப்பெயர். அது நரம்பே கிடையாது. பிளான்டாரிஸ் என்ற தசையின் நாண். விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் தசை; அதற்கு உடம்பிலேயே மிக நீளமான நாண். பல குரங்குகளில் இந்த நாண் உள்ளங்கால் வரை போய், காலால் கிளையைப் பிடிக்க உதவுகிறது. நமக்குக் குதிகாலோடு நின்றுவிட்டது. சிலருக்கு அது இருப்பதே இல்லை. இல்லாதவர்கள் அதை உணர்வதும் இல்லை.

அந்தப் பெண் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஃபார்மலின் எரிச்சலில் கண் கலங்க, மெதுவாகக் கேட்டாள்: “கடவுள் படைச்சதுல வேண்டாததுன்னு ஒண்ணு இருக்குமா மேடம்?” அம்மாவின் கேள்வி, வேறு வாயிலிருந்து. பரீட்சைக்கு எழுதும் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

தமிழில் இவற்றுக்கு ‘எச்ச உறுப்பு’ என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். எச்சம் என்றால் மிச்சம். எச்சம் என்றால் சந்ததியும்கூட; வள்ளுவர் ஆண்ட அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள் சொன்ன உரைகாரர்கள் உண்டு. முன்னோர் விட்டுப்போனது, பின்னோர் சுமப்பது, இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. பயன் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அந்தச் சொல்லில் கிடையாது.

அந்தப் பேச்சில்தான் பரிணாமம் பேசியவர்கள், படைப்பு பேசியவர்கள் என்ற இரு தரப்பும் தடுமாறின. ஜெர்மானிய உடற்கூறியலாளர் வீடர்ஷைம் 1893-ல் மனித உடம்பில் 86 உறுப்புகளை இப்படிப்பட்டவை என்று பட்டியல் போட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணிக்கையை நூற்றெண்பது என்று ஊதினார்கள். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்கு அப்போது வேலை எதுவும் தெரிந்திருக்கவில்லை. 1961-ல் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதை எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் தொற்றுநோயில் மடிந்தன. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தேர்ச்சி பெறும் இடமே அதுதான் என்று தெரிந்தது. “பார்த்தீர்களா, ஆண்டவன் வீணாக எதையும் வைக்கவில்லை” என்று இன்றுவரை இதைக் காட்டிப் பேசுகிறார்கள். ஆனால் பழைய வேலை போன உறுப்பு புது வேலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று டார்வினே 1859-ல் எழுதிவைத்திருக்கிறார். நம் ஆய்த எழுத்தைப் பாருங்கள். அஃது, இஃது என்று எழுதிய காலம் போய், பேச்சில் அதற்கு வேலையே இல்லாமல் இருந்தது. இன்று ஃபேனுக்கும் ஃபீஸுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. புது வேலை கிடைத்துவிட்டதால் அது நேற்றுப் பிறந்த எழுத்து ஆகிவிடுமா?

என்னை முழுதாகத் திருப்பியது உறுப்புகூட இல்லை; ஒரு மரபணு. ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. காய்ந்த சருகைத் தின்றாலும் அதற்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வராது. வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே அது தயாரித்துக்கொள்கிறது. நாய், பூனை, மாடு எல்லாம் அப்படியே. நம்மால் முடியாது. காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் செத்து விழுந்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நோயாளிகளைத் தேற்றிக் காட்டினார். வைட்டமின் தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, சிதைந்து கிடக்கிறது. அது சிதைந்து ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகள். சிம்பன்சியிடமும் அதே மரபணு, நம்முடையதைப் போலவே சிதைந்து கிடக்கிறது. கினிப்பன்றியும் இந்தத் திறனை இழந்திருக்கிறது. ஆனால் அதன் மரபணு தனியாக, வேறு விதமாகச் சிதைந்திருக்கிறது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது என்ன என்று உடனே விளங்கும். 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார்! இரண்டு ஏடுகளில் பாட்டு சரியாக ஒத்துப்போனால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து படி எடுத்தவை. உடம்பு எவ்வளவு அற்புதமாக அமைந்திருக்கிறது என்று மேடைகளில் சொல்கிறார்கள். அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் யாருடைய உறவு என்று சொல்வது பிழைகள்.

இனி, சாமி விஷயம்.

என் சொந்தக்காரர்களில் படித்தவர்கள் சிலர், “இதெல்லாம் மாணிக்கவாசகர் அப்போதே சொன்னதுதானே” என்பார்கள். சிவபுராணத்தில் புல், பூண்டு, புழு, மரம் என்று பிறவிகள் வரிசையாக வருவதைத்தான் சொல்கிறார்கள். தினமும் சிவபுராணம் ஓதுகிறவள் நான். அந்த வரிசையை ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. மனிதருக்குப் பிறகு பேய், பூதகணம், அசுரர், முனிவர், தேவர் வருகிறார்கள். பிறந்து பிறந்து களைத்துப்போன ஓர் உயிரின் புலம்பல் அது. குரங்கின் எலும்பிலிருந்து மனிதனின் எலும்பு வந்த வரலாற்றை அதில் தேடுவது, அறிவியலுக்கும் நல்லதில்லை, திருவாசகத்துக்கும் மரியாதை இல்லை.

இன்னொரு பக்கம், “இப்படி அரைகுறையாகப் படைப்பவன் கடவுளா? ஆகவே கடவுள் இல்லை” என்பவர்கள். அறிவுள்ளவர்கள், நல்லவர்கள்; என் நண்பர்கள் பலர் அப்படித்தான். ஆனால் கடவுள் என்றால் உடம்பை உறுப்பு உறுப்பாக வடிவமைக்கும் இன்ஜினீயர் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அந்த இன்ஜினீயரை நான் கும்பிடவில்லை. சைவ சித்தாந்தத்தில், குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம் என்று பாடம். உயிருக்கு உடம்பு வந்தது மாயை என்ற மண்ணிலிருந்து. மண்ணுக்கு மண்ணின் குணம் இருக்கும். சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாருக்குப் பரிணாமம் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாருக்கும் தெரியாது. உடம்பு குறையில்லாமல் இருந்தால்தான் இறைவன் உண்டு என்று அந்தப் பாடம் எனக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எதுக்கு வச்சாரு? யாரும் வைக்கவில்லை அம்மா. அது வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களாகப் பிறந்து, தின்று, பெற்றுப் போட்டுப் போன உயிர்களின் வழியாக வந்தது. தேவையில்லை என்றால் இன்னும் மெலிந்து மறைந்துபோயிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். நெஸ்ஸி, வில்லியம்ஸ் என்ற இருவர் 1994-ல் ஒரு புத்தகத்தில் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார்கள்: குழாய் மெலிய மெலிய எளிதில் அடைபடும், அடைபட்டவர்கள் பிள்ளை பெறுமுன் சாவார்கள், கொஞ்சம் பருமனாக இருந்தவர்கள் பிழைத்துத் தங்கள் குடல்வாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஆகவே சாவு அதை ஒழிப்பதற்குப் பதில் காப்பாற்றியிருக்கலாம். இதைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. முன்யோசனை இல்லாத ஒன்றின் மேல் யாருக்குக் கோபம் வரும்? பதினொரு வயதுப் பையனின் வயிற்றில் தெரிந்தே கத்தியை ஒளித்துவைத்த ஒரு சாமியை எட்டு வயதிலிருந்து மனசுக்குள் சுமந்துகொண்டிருந்தேன். டார்வின் அந்தச் சாமியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த சாமியைக் கும்பிட எனக்குத் தடையில்லை.

1980, சித்திரைச் சதயம். அப்பர் குருபூசை. பெரியம்மா அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நெல்லையப்பர் கோயிலுக்கு அழைத்து வந்திருந்தாள். கூட நானும். வெளியே கத்திரி வெக்கை. உள்ளே கற்சுவர்கூடச் சுட்டது. ஓதுவார் வேறு எதையும் எடுக்காமல் அந்தத் திருவதிகைப் பதிகத்தையே எடுத்தார். அம்மா தூணில் சாய்ந்து, முகத்தில் எதுவும் காட்டாமல் நின்றாள். நான் அவள் முன்கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒவ்வொரு ரோமமும் எழுந்து நின்றது. ஒவ்வொன்றின் அடியிலும் தோல் சின்னப் புள்ளியாகப் புடைத்திருந்தது. வியர்வைத் துளிகள் அந்தப் புள்ளிகளுக்கு இடையில் தங்கி நின்றன. பதிகம் முடிந்து கொஞ்ச நேரம் வரை அது அடங்கவில்லை. வாயைத் திறக்காத அவள் கை பாடிக்கொண்டிருந்தது.

அந்த ரோமத்தை எழுப்பியது மயிர்க்காலில் ஒட்டியிருக்கும் ஒரு துளித் தசை. நாயைக் கண்ட பூனை முதுகு முடியைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டுவதும், குளிரில் விலங்குகள் முடியை உப்பவைத்துச் சூட்டைக் காப்பதும் அந்தத் தசையால்தான். அடர்ந்த முடி நமக்குப் போய்விட்டது. தசையும் அதை இழுக்கும் நரம்பும் நிற்கின்றன. மயிர்க்காலை உயிர்ப்பிக்கும் செல்களுக்கு நரம்பைக் கொண்டுசேர்க்கும் பாலமாகவும் அந்தத் தசை இருப்பதை 2020-ல் எலிகளில் கண்டார்கள். என்றாலும் எழுந்து நிற்கும் நம் ரோமத்தால் எந்தப் பகைவனும் பயப்படப்போவதில்லை, எந்தக் குளிரும் போகப்போவதில்லை. எச்ச உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி உடம்பில் குறைவு. அதே மயிர்க்கூச்செறிதலைத்தான் நம் பழைய உரையாசிரியர்கள் உள்ளத்தை உடம்பு காட்டும் குறிகளில் ஒன்றாக வைத்தார்கள். நம் அடியார்கள் பக்தியின் அடையாளமாகப் பாடினார்கள். பூனையின் கோபத்துக்கு ஓடும் நரம்பு வழியாகத்தான் அப்பர் பதிகம் என் அம்மாவின் கைக்கு வந்தது. இதனால் பதிகம் தாழ்ந்துவிட்டதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பில் எச்ச உறுப்புகள் பற்றிய பகுதி இருக்கிறது. அதைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை உள்பக்கமாக லேசாக மடக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாண் விறைத்து எழும். பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அது இருக்காது. எனக்கு வலது கையில் உண்டு, இடது கையில் இல்லை. இல்லாததால் பிடியில் ஒரு குறையும் கிடையாது. இருக்கிறவர்களிடமிருந்து எடுத்து, அறுந்துபோன வேறு நாணுக்குப் பதிலாகத் தைக்கிறார்கள் அறுவை மருத்துவர்கள். வகுப்பில் சில குழந்தைகளின் கையில் அது எழாது. எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அப்போது நான் செய்ததுபோல் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லுங்கள்.